கடலிடம் பிடுங்கியவன்

கப்பல் வருகிற நாளில் எங்கள் தீவில் ஆளுக்கொரு முகம் இருக்கும். கம்பளிக் கடைக்காரிக்கு மலர்ந்த முகம், குட்டைக் குதிரை வளர்க்கிறவனுக்கு அவசர முகம், மீன்வறுவல் கடைக்காரனுக்கு எண்ணெய் வழியும் முகம். ஜெர்மனியில் கிளம்பி, ஆர்க்னி, எங்கள் ஷெட்லாந்து, ஃபாரோ, ஐஸ்லாந்து என்று வடகடலை ஒரு சுற்றுச் சுற்றி, நார்வே வழியாக வீடு திரும்புகிற கப்பல்கள் அவை. லெர்விக் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றால் எதிர்க்கரை மறைந்துபோகும். சின்னப் படகுகளில் ஆட்கள் கரைக்கு வருவார்கள், பஸ்ஸில் ஏறுவார்கள், கடல்நாய் பார்ப்பார்கள், பஃபின் பறவை பார்ப்பார்கள், காற்றைத் திட்டுவார்கள், சாயங்காலத்துக்குள் போய்விடுவார்கள். நாங்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வோம். அவர்கள் வராவிட்டால் கோடையில் என்ன பிழைப்பு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வோம்.

லோரி ஹால்க்ரோ அந்த பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறவன். ஸ்கெல்விக் ஊர்க்காரன், அறுபதை நெருங்குகிறவன், பேச்சில் உப்பும் உறைப்பும் உள்ளவன். பயணிகளுக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் ஜூலையில் ஜெர்மனியின் ப்ரேமர்ஹாஃபனிலிருந்து வருகிற ஒரு வெள்ளைக் கப்பலின் பெயர் அட்டவணையில் ஏறினால் போதும், அவன் முகம் சுண்டிப்போகும். அன்றைக்கு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பான், பல்வலி என்பான், பஸ் சாவியைச் சிநேகிதன் டாமி லீஸ்க்கின் கையில் திணித்துவிடுவான். டாமி உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிறவன். இதை மட்டும் கேட்க மாட்டான்.

காரணம் ஸ்கெல்விக்கில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கப்பலில் ஹைக்கே என்ற ஜெர்மன் அம்மாள் ஒருத்தி வருவாள். லோரியின் பஸ்ஸில்தான் போவேன் என்று கேட்பாள். அவன் இல்லை என்றதும் முகம் வாடி, வேறு பஸ்ஸில் ஏறுவாள். அவளும் லோரியின் மனைவி ஒஸ்லாவும் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த இடுப்புவலியும் பல்வலியும்.

நாலு கோடைக்கு முன்னால் நடந்தது. ஸ்கெல்விக் பாறைக்குக் கீழே கடல்நாய்கள் வெயில் காய வரும். பயணிகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஹைக்கே அம்மாள் நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல ஆர்வம். கயிற்றைத் தாண்டிக் குட்டிக் கடல்நாய் ஒன்றைப் படம் எடுக்க இறங்கினாள். பாசி வழுக்கியது. ஒரு அலை வந்து, மேஜையிலிருந்து துணுக்கைத் துடைக்கிற மாதிரி அவளைத் துடைத்துக்கொண்டு போனது.

கரையில் நின்றவர்கள் அலறினார்கள். லோரி பாறைமேல் குப்புற விழுந்து, கையை நீட்டி, அவளுடைய மழைக்கோட்டின் தொப்பியைப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. ஒரு பெண்ணின் கனம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாதா? அது அந்தக் கனம் இல்லை. கீழேயிருந்து இன்னொரு கை அவளைப் பிடித்திருந்தது. அவனும் இழுக்க, அதுவும் இழுக்க, சட்டென்று அந்தப் பக்கத்துப் பிடி விட்டது. பலம் போய் விட்டது போல இல்லை. யோசித்துப் பார்த்து, சரி, வைத்துக்கொள் என்று விட்டது போல இருந்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவனுடைய மகன் மேக்னி நண்டுக்கூடை போட்டுவிட்டு அப்போதுதான் படகைக் கரையேற்றியிருந்தான். ஓடி வந்து, நீலமாகிப்போன அந்த அம்மாளுக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டான். சாம்பல் நிறத்தில் கழுத்தைச் சுற்றி நீலப் பட்டை போட்ட சட்டை. ஒஸ்லா பின்னியது. ஆம்புலன்ஸ் வந்தது, அந்த அம்மாள் சட்டையோடு போனாள், அவள் கப்பலும் போனது.

இப்போது எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடல் தொட்டவன் கடலுக்குச் சொந்தம் என்பது எங்கள் பெரியவர்களின் பேச்சு. முழுகுகிறவனைப் பிடுங்கினால் கடல் சும்மா விடாது, பிடுங்கியவனிடமிருந்தே வேறொன்றை எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்தில் கண்ணெதிரே ஆள் முழுகினாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் உண்டாம். இப்போது நாங்கள் படித்தவர்கள். உயிர்காக்கும் படகுக்கு உண்டியல் குலுக்குகிறவர்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் வாய்விட்டுச் சிரிப்போம். சிரித்து முடித்ததும் பேச்சை மாற்றிவிடுவோம்.

அன்று சாயங்காலம் பப்பில் லோரிக்கு ஆளாளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். டாமி கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"டேய் லோரி, கடல்கிட்டேருந்தே பிடுங்கிட்டியேடா! இனிமே குளிக்கிற தொட்டியிலகூடப் பாத்து எறங்கு. அது மறக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். மேக்னி அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "பயப்படாதப்பா. அந்தம்மா சைஸுக்கு நம்ம வீட்ல ஆளே இல்ல. கடல் வந்து பாத்துட்டு, அளவு பத்தலன்னு திரும்பிப் போயிரும்" என்றான். பப்பே அதிர்ந்தது. லோரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

பிப்ரவரியில் மேக்னியின் படகு ஸ்கெல்விக் குடாவின் வாய்க்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது. அலைகூட அதிகமில்லாத நாள். ஆள் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் தேடியது, உயிர்காக்கும் படகு தேடியது, ஊரே தேடியது. இன்றுவரை கிடைக்கவில்லை.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, பையன் என்ன உடுத்தியிருந்தான் என்று கேட்டார். ஒஸ்லா யோசிக்கவே இல்லை. "சாம்பல் கம்பளிச் சட்டை. கழுத்துல நீலப் பட்டை. நான் பின்னுனது. எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்" என்றாள். அந்தச் சட்டை பல மாதமாக அவன் படகில்தான் கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஜெர்மனியில் இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற லோரிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். சட்டையைச் சொன்னால் அந்த அம்மாளைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளைச் சொன்னால் ஒஸ்லா தன்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கும் என்று நினைத்ததுமே அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. வார்த்தையை மென்று விழுங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒஸ்லா கரை கரையாக நடந்தாள். அலை ஒதுக்கிய பாசிக் குவியலைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் பழைய வலை கிடந்தால் ஓடினாள். லோரி பின்னாலேயே நடந்தான். இல்லாத ஒன்றைத் தேடுகிறாள் என்று தெரிந்தே நடந்தான். பெற்றவளுக்கு இப்படி ஒரு துரோகம் செய்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் ஒருமுறை சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்வது கஷ்டம். அடுத்த மாதம் சொல்வது அதைவிடக் கஷ்டம். வருஷம் ஓடிவிட்டால் அது தொண்டையில் சிக்கிய முள்தான்.

டாமி அன்றிலிருந்து பப்பில் ஒரு வேடிக்கை பேசியதில்லை. ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காததுதான் லோரியைக் கொன்றது. நம்பாதவர்கள் என்றால் ஒருத்தராவது "சே, அதெல்லாம் சும்மா" என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

ஒஸ்லாவும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், அவன் காலுறையைத் தைத்தாள். உன்னால்தான் போனான் என்று ஒரு நாள் சொல்வாள் என்று அவன் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் காத்திருந்தான். வாசல் கதவை மட்டும் அவள் தாழ் போடுவதில்லை.

அவன் வேலையோ, தினமும் அவனை அதே பாறையில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. "எல்லாரும் எறங்குங்க, கடல்நாய் பாருங்க, கயித்தத் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். கடல்நாய் ஒரு தினுசான பிராணி. தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் தூக்கி, ஈரக் கண்ணால் மனிதனையே பார்க்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நின்று நீந்துகிற மாதிரி இருக்கும். "அங்கே ஒன்று உங்களையே பார்க்கிறது!" என்று பயணிகள் குதூகலமாகச் சொல்வார்கள். அவன் திரும்ப மாட்டான். பஸ்ஸைத் திரும்ப எடுக்கும்போது மேலே இருக்கிற கண்ணாடியில் கடைசி இருக்கையைப் பார்க்க மாட்டான். பல நாள் அந்த இருக்கை மட்டும் நனைந்திருக்கும். ஜன்னல் ஒழுகுகிறது என்று ரப்பர் மாற்றினான். மாற்றிய பிறகும் நனைந்திருந்தது.

இந்த வருஷம் அந்த வெள்ளைக் கப்பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. லோரி வழக்கம்போல டாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கே ஒளியலாம் என்று பார்த்தான். கோடை ஞாயிறுகளில் ஊருக்கு ஊர் பொதுக்கூடத்தில் தேநீர் வைப்போம். பெண்கள் கேக் சுட்டுக் கொண்டுவருவார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், வருகிற காசு கூடத்தின் கூரைக்கு. ஒஸ்லா அங்கே இருப்பாள். தானும் அங்கேயே மேஜை தூக்கிக்கொண்டிருந்தால் இருவருமே பத்திரம் என்று அவனுக்குப் பட்டது. டாமியின் பஸ் பறவைப் பாறைக்குப் போகிறது, அது தீவின் அந்தக் கோடி.

கூடத்தின் அடுக்களைக்கு ரூபி மவாட்தான் ராணி. குரல் கொஞ்சம் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. ஒஸ்லா சுட்ட தகரப் பாத்திரத்தோடேயே கொண்டுவந்த கேக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏன்டி ஒஸ்லா, இந்த வாட்டியும் தகரத்தோடவா? ஒரு தட்டுல கவுத்துக் கொண்டாந்தா உங்கை தேஞ்சிருமா? கரண்டி போட்டுத் தோண்டி எடுக்கறதுக்கு இதென்ன கஞ்சியா?"

"தகரத்துல இருந்தா சூடா இருக்கும்" என்றாள் ஒஸ்லா.

"சூடாவா? ராத்திரி சுட்ட கேக்கு!"

ஒஸ்லா கரண்டியைத் தேடி எடுத்தாள். மேக்னி போன பிறகு அவள் கேக் எதுவும் தகரத்தைவிட்டு வெளியே வந்ததில்லை. துக்கத்தில் ஒரு சோம்பல் வந்துவிட்டது என்று லோரி நினைத்திருந்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை. ஆண்பிள்ளை அடுக்களையில் எதைத்தான் முழுசாகக் கவனிக்கிறான்?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே இருந்த சர்ச் இல்லை, பிறகு சாலை இல்லை, பிறகு வேலி இல்லை. லோரி கையில் கோப்பைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது வெளியே பஸ் சத்தம் கேட்டது. தன் பஸ்ஸின் சத்தம் தனக்குத் தெரியாதா?

டாமி முதலில் உள்ளே வந்தான். லோரியைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றான்.

"நீ இங்கயா இருக்கே? ஐயோ லோரி, பறவப் பாறையில மூக்குக்கு முன்னாடி கை தெரியல. இதுங்களை எங்கடா கொண்டுபோவேன்? டீயாவது குடிக்கட்டும்னுதான்..."

அவன் முடிப்பதற்குள் அவனை விலக்கிக்கொண்டு அந்த உருவம் உள்ளே வந்துவிட்டது. அதே உயரம், அதே பருமன். தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"லோரி! நீங்கள்தானே! கடைசியாகக் கண்டுபிடித்துவிட்டேன்!"

ஹைக்கே அம்மாளின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். அவள் லோரியைத் தட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கோப்பைகள் கலகலத்தன. கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரூபிகூட. அப்படி ஒரு அமைதியை அந்தக் கூடம் இழவுச் சாப்பாட்டில்கூடப் பார்த்ததில்லை.

அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு ஒஸ்லா வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். அந்த அம்மாளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். இந்தச் சந்திப்பைத் தடுப்பதே தன் பிழைப்பாக இருந்தவன், மூடுபனிக்குத் தடை போட மறந்துவிட்டான்.

"உக்காருங்கம்மா" என்று ஒஸ்லா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நான் ஒஸ்லா. அவரு வீட்டுக்காரி. டீ குடிக்கிறீங்களா?"

"நீங்கள்தான் மனைவியா! உங்கள் கணவர் எனக்கு என்ன செய்தார் என்று சொன்னாரா?"

"ஊரே சொல்லிச்சு."

தகரத்திலிருந்து கேக்கைக் கரண்டியால் எடுத்து வைத்தாள் ஒஸ்லா. அந்த அம்மாள் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். புருஷன் முந்தின வருஷம் போய்விட்டாராம். மகளுக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை. போனை எடுத்துக் காட்டினாள். ரெண்டே பல் முளைத்த வாயோடு சிரிக்கிற ஒரு குழந்தை.

"அன்றைக்கு நான் போயிருந்தால் இவளைப் பார்த்திருக்க மாட்டேன். பெயர் லோரா. உங்கள் கணவரை நினைத்து வைத்தது."

ஒஸ்லா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். லோரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கையைப் பார்த்தான்.

"சுட்டிப் பொண்ணு போல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்களுடையது" என்று ஹைக்கே அம்மாள் துணிப்பையைத் திறந்தாள். "உங்கள் மகன் கழற்றிக் கொடுத்தான், நல்ல பையன். ஒவ்வொரு வருடமும் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு வருடமும் லோரிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கையில்தான் கொடுக்க வேண்டும், இல்லையா?"

சாம்பல் நிறச் சட்டை. கழுத்தில் நீலப் பட்டை. மடிப்புக் கலையாமல், காய்ந்து, சோப்பு வாசனையோடு மேஜைமேல் இருந்தது. எந்தச் சட்டையை ஒஸ்லா பாசிக்குள் தேடினாளோ, எந்தச் சட்டையோடு பிள்ளை கடலடியில் கிடக்கிறான் என்று தினம் கண்ணை மூடினால் பார்த்தாளோ, அது ஒரு துளி உப்பில்லாமல் கப்பலேறி வந்து அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. கொஞ்சம் கழித்துத் தொட்டாள். கழுத்துப் பட்டையில் ஒரு இடத்தில் பின்னல் கண்ணி ஒன்று விட்டுப்போயிருந்ததைத் தடவிப் பார்த்தாள். தான் விட்ட கண்ணிதான்.

"மகன் எங்கே? அவனுக்கும் நன்றி சொல்ல வேண்டும்."

ரூபியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. டாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கடல்ல இருக்கான்" என்றாள் ஒஸ்லா.

"ஓ, மீன்பிடிக்கவா? எப்போது வருவான்?"

"தெரியல. வந்தா குடுக்கறேன்."

ஹைக்கே அம்மாள் திருப்தியோடு தலையாட்டினாள். இன்னொரு கரண்டி கேக் கேட்டு வாங்கிக்கொண்டாள். போகும்போது ஒஸ்லாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பஸ் மூடுபனிக்குள் போனது. ரூபி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வெளியே போனாள். அடுக்களையில் அலம்பாத கோப்பைகளோடு இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒஸ்லா குழாயைத் திறந்தாள். லோரி துண்டை எடுத்துத் துடைக்க நின்றான். சட்டை ஜன்னல் திட்டில் இருந்தது.

"சட்டை அவகிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியும்" என்றாள் அவள், திரும்பாமல்.

"தெரியும்."

"நான் கரையெல்லாம் கிளறிட்டு அலைஞ்சப்ப, எம்பின்னாலயே வந்தே."

"ஆமா."

"மனுஷனாடா நீ?"

அவன் துண்டைப் பிசைந்தான். இத்தனை வருஷமாகத் தப்பித்து வந்த இடத்துக்கு வந்தாயிற்று. இனிமேல் ஓட இடமில்லை என்றதும் வார்த்தை தானாக வந்தது.

"சட்டையச் சொன்னா அவளைச் சொல்லணும். அவளைச் சொன்னா நீ என்னயப் பாப்பே. நாந்தானே ஒஸ்லா பிடுங்கினேன்? அது விட மாட்டேன்னுதான் இழுத்துச்சு. நாந்தான் பிடுங்கினேன். அதுக்குத்தானே நம்ம பையன..." அவன் துண்டைக் கீழே வைத்தான். "நீ ஒரு நாள் சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்துட்டே இருக்கேன். சொல்லிடேன். ஒரு தடவை சொல்லித் தொலச்சுடு."

ஒஸ்லா குழாயை மூடினாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பயந்த பார்வை அது இல்லை. அது ஒரு மாதிரி திகைப்பு.

"இதையா சுமந்துக்கிட்டுத் திரியறே?"

"பின்ன?"

"எனக்கு அந்தம்மா நெனப்பே வந்ததில்ல லோரி. ஒரு தடவைகூட. முழுகற பொம்பளைய இழுக்காம நின்னிருந்தா உன்கூட நான் குடும்பம் நடத்துவனா?" அவள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "எனக்கு ரொட்டி."

"என்ன ரொட்டி?"

"அன்னிக்குக் காலைல அவனுக்கு ரொட்டி அறுத்துக் குடுத்தேன். போன் அடிச்சுது, ரூபி. அவகிட்ட பேச ஆரம்பிச்சா உனக்குத் தெரியுமே. பேசி முடிச்சுட்டு வந்து பாக்கறேன், அவன் போயிட்டான். மிச்ச ரொட்டி பலகைமேல கவுந்து கெடக்கு. அடி மேல பாத்துக்கிட்டு." அவள் குரல் தாழ்ந்தது. "மீன்பிடிக்காரன் வீட்ல பொறந்தவ நான். எங்கம்மா ரொட்டிய அப்பிடி வெச்சா கையிலயே அடிப்பா. ரொட்டி கவுந்தா படகு கவுந்துரும்னு. நான் சிரிச்சுட்டுத் திருப்பி வெச்சேன் லோரி. சிரிச்சேன். சாயங்காலம் டாமி வந்து, படகு கவுந்து கெடக்குங்கறான்."

லோரி ஜன்னல் திட்டைப் பார்த்தான். சட்டைக்குப் பக்கத்தில் அவள் கேக் தகரம் இருந்தது. கரண்டியால் தோண்டிய பள்ளத்தோடு, தட்டையே பார்க்காமல். இத்தனை வருஷமாக அவள் அடுக்களையில் எதையும் கவிழ்க்காமல் காத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஆளுக்கொரு கொலையை மறைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அது நான் வெச்சது" என்றான்.

"எது?"

"ரொட்டி. நான் முழிச்சுக் கீழ வந்தேன். நீ போன்ல இருந்தே. ஒரு துண்டு அறுத்துக்கிட்டு மேல போயிட்டேன். நாந்தான் கவுத்து வெச்சிருப்பேன்."

அந்தக் காலையைப் பற்றி அவனுக்கு உண்மையில் ஞாபகம் இருப்பது கம்பளிப் போர்வையின் கதகதப்பு மட்டும்தான். மகன் கதவைச் சாத்திய சத்தம்கூடக் காதில் விழாமல் தூங்கினான். அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னை அறைந்துகொள்ளத் தோன்றும். ஆனாலும் அந்த ரொட்டியை அவளிடமிருந்து பிடுங்கியாக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"நீ தூங்கிட்டிருந்தே" என்றாள்.

"இல்ல. எறங்கி வந்தேன்."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும்."

"சுடுதண்ணி ஆவி."

அவள் அவன் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் முகம் சுருங்கி, உதடு கோணி, மூன்று வருஷமாக யார் முன்னாலும் அழாதவள் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவே சத்தம் போட்டு அழுதாள். லோரி அவளைப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதான்.

"சரி" என்றாள் கடைசியில், மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு. "ரெண்டு பேருமா கவுத்து வெச்சதா இருக்கட்டும்."

ஜன்னல் திட்டில் இருந்த தகரத்தை எடுத்தாள். அலமாரியிலிருந்து பெரிய வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்து அதன் வாய்மேல் மூடினாள்.

"பிடி."

அவன் ஒரு பக்கம் பிடித்தான். அவள் ஒரு பக்கம் பிடித்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திருப்பினார்கள். முதலில் ஒன்றும் விழவில்லை. ஒஸ்லா தகரத்தின் அடியில் முட்டியால் தட்டினாள். மிச்சக் கேக் பொத்தென்று தட்டில் விழுந்தது.

இருவரும் அசையவில்லை. ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள், மூடுபனிக்குள் கடல் என்ன செய்கிறது என்று கேட்கிறவர்கள் மாதிரி. தூரத்தில் அந்த வெள்ளைக் கப்பல் ஒருமுறை ஊதியது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"இனிமே எடுத்துட்டுப் போறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாள் ஒஸ்லா. "கத்திய எடு லோரி."